கேட் திரும்பி வர முடியாத புகுந்த வீடு

ஜூலை 5, காலை

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருப்பது: "'கேட் அண்ட் லியோபோல்ட்' படத்தின் முடிவில் கேட் பாலத்திலிருந்து குதித்து 1876க்குப் போய்விடுகிறாள். படித்து, வேலை பார்த்து, பதவி உயர்வும் பெற்ற ஒரு பெண் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு பிரபுவின் பின்னால் போவதா என்று பலரும் குறை சொல்கிறார்கள். நம் வீடுகளில் பிறந்த வீட்டை விட்டுப் புகுந்த வீட்டுக்குப் போகாத பெண் யார்? இங்கே ஊர் மாறுகிறது, அங்கே நூற்றாண்டு மாறுகிறது. இதில் என்ன தவறு?"

அவள் போனது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அவள் போவதற்கு விலையே இல்லை என்று படம் காட்டியதுதான் எனக்கு உறுத்துகிறது. விரிவாக எழுதுகிறேன்.

ஜூலை 5, இரவு

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் மேன்கோல்ட் இயக்கி 2001 டிசம்பரில் வெளிவந்த படம் இது. 1876ஆம் ஆண்டு நியூயார்க்கில், குடும்பச் சொத்து கரைந்துபோன ஆங்கிலப் பிரபு லியோபோல்டுக்குப் பணக்கார அமெரிக்கப் பெண் ஒருத்தியை மணமுடித்து வைக்க வீட்டுப் பெரியவர் ஏற்பாடு செய்கிறார். நம் காலத்திலிருந்து அங்கே போய் ஒளிந்து படமெடுத்துக்கொண்டிருக்கும் ஸ்டூவர்ட்டைத் துரத்திச் செல்லும் லியோபோல்ட், கட்டி முடியாத புரூக்ளின் பாலத்திலிருந்து அவனோடு விழுந்து இருபத்தோராம் நூற்றாண்டுக்கு வந்து சேர்கிறான். ஸ்டூவர்ட்டின் முன்னாள் காதலிதான் கேட். அதே கட்டடத்தில் வசிக்கிறாள், விளம்பரத் துறையில் வேலை பார்க்கிறாள். ஹியூ ஜாக்மனும் மெக் ரயனும் நடித்த பாத்திரங்கள். காதல் வருகிறது, பிரிவு வருகிறது, கடைசியில் அவள் அவனுடைய காலத்துக்கே போய்விடுகிறாள்.

என் வாதம் இந்தப் படத்தின் லிஃப்டுகளில் இருக்கிறது. லியோபோல்ட் தன் காலத்தில் இல்லாமல் போனவுடன் நம் காலத்து லிஃப்டுகள் நின்றுவிடுகின்றன. ஏனென்றால் கதைப்படி லிஃப்டைக் கண்டுபிடிக்க வேண்டியவன் அவன். லிஃப்ட் வந்து நிற்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லாததால் ஸ்டூவர்ட் அந்த லிஃப்ட் குழிக்குள் விழுந்து எலும்பை உடைத்துக்கொள்கிறான். ஒரு ஆண் தன் நூற்றாண்டை விட்டு நகர்ந்தால் உலகமே இடறுகிறது. கேட் தன் நூற்றாண்டை விட்டுப் போகிறாள். என்ன நின்றது? ஒன்றும் நிற்கவில்லை. அவள் கையில் அப்போதுதான் வந்த பதவியின் நாற்காலிகூட அசையவில்லை. ஒரு பெண் இல்லாமல் போவதை எந்த இயந்திரமும் உணரவில்லை என்று ஒரு படம் சொன்னால், அதை நான் வெறும் கதை வசதி என்று ஒதுக்கிவிட மாட்டேன்.

ஜூலை 6

இந்தப் படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் என் அத்தையோடு உட்கார்ந்து பார்த்தேன். வசனத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட் பாலத்தின் கம்பியைப் பிடித்து ஏறியபோது அத்தை கேட்ட முதல் கேள்வி, "அந்தக் காலத்துல அங்க வீட்டுக்குள்ள தண்ணி வருமா?" என்பதுதான். குடமெடுத்துத் தெருக்குழாயில் வரிசை நின்ற காலத்தைக் கடந்து வந்தவருக்கு அது இயல்பான கேள்வி. நியூயார்க் நகரத்துக்குக் குரோட்டன் ஆற்றுத் தண்ணீர் 1842லேயே குழாய் வழியாக வந்துவிட்டது, ஆகவே பிரபு வீட்டில் குழாய் இருந்திருக்கும் என்று பிறகு அவரிடம் சொன்னேன். "அப்போ சரி, வேலைக்காரங்க வீட்ல?" என்றார்.

ஜூலை 8

ஒளிப்படத்தைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. ஸ்டூவர்ட் 1876இல் எடுத்த படங்களைக் கழுவிப் பார்க்கும்போது, விருந்து மண்டபக் கூட்டத்தில் கேட்டின் முகம் தெரிகிறது. அதை எடுத்துக்கொண்டு அவனும் கேட்டின் தம்பி சார்லியும் அவளுடைய பாராட்டு விழாவுக்கு ஓடுகிறார்கள். படத்தைப் பார்த்தபின்தான் அவள் புறப்படுகிறாள்.

எல்லோருக்கும் பிடித்த காட்சி அது. எனக்கும் முதலில் உடல் சிலிர்த்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: அந்தப் படம் அவளிடம் "போகிறாயா?" என்று கேட்கவில்லை, "நீ ஏற்கெனவே போய்விட்டாய்" என்று சொல்கிறது. ஜாதகம் பொருந்திவிட்டது, நாள் குறித்தாயிற்று, பெண்ணிடம் தகவல் மட்டும் சொல்ல வேண்டும் என்ற நிலைதான். தயங்குவதற்கும், ஒரு இரவு யோசிப்பதற்கும், ஒருவேளை மறுப்பதற்கும் அவளுக்கு இருந்த உரிமையை ஒரு காகிதத் துண்டு வாங்கிக்கொண்டது. அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுப்பவர்கள் ஒரு முன்னாள் காதலனும் ஒரு தம்பியும். தம்பி அக்காளை இனி வாழ்நாளில் பார்க்கப்போவதில்லை. அவன் முகத்தில் அந்த இழப்புக்கு இயக்குநர் எத்தனை நொடி கொடுத்தார் என்று மறுபடி பார்க்கும்போது கவனியுங்கள்.

ஜூலை 9

இப்போது பாலத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இந்த இடம்தான், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

படத்தின் தொடக்கத்தில் பாலம் கட்டும் பொறியாளர் ரோப்ளிங் மேடையேறி உரையாற்றுகிறார். கூட்டத்தில் லியோபோல்ட் நிற்கிறான். 1876ஆம் ஆண்டில் எந்த ரோப்ளிங்கும் அப்படி நின்று பேசியிருக்க முடியாது. பாலத்தை வடிவமைத்த ஜான் ரோப்ளிங், இடம் அளக்கும்போது படகு மோதிக் கால் நசுங்கி, இசிவு நோய் கண்டு 1869இலேயே இறந்துவிட்டார். தலைமைப் பொறியாளர் பொறுப்பை ஏற்ற மகன் வாஷிங்டன் ரோப்ளிங், ஆற்றின் அடியில் அழுத்தக் காற்று நிரப்பிய பெரும் பெட்டிகளுக்குள் தொழிலாளர்களோடு இறங்கி வேலை பார்த்தவர். அங்கிருந்து விரைவாக மேலே வந்தவர்களுக்கு வந்த நோய் அவரையும் 1872இல் வீழ்த்தியது. அதன்பின் பாலம் கட்டி முடியும்வரை அவரால் வேலையிடத்தில் நிற்க முடியவில்லை.

அப்படியென்றால் பாலம் எப்படி எழுந்தது? அவருடைய மனைவி எமிலி வாரன் ரோப்ளிங் வழியாக எழுந்தது. கணவர் படுக்கையிலிருந்து சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பிறகு எழுதியவற்றைப் புரிந்துகொள்வதற்காகவே கணிதம் படித்தார், பொருள்களின் வலிமையைப் பற்றிப் படித்தார், தொங்கும் வடம் எப்படி வளையும் என்ற கணக்கைப் படித்தார். உதவிப் பொறியாளர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் கணவரின் சொல்லைக் கொண்டுபோனவரும், அவர்கள் கேள்விகளைத் திருப்பிக் கொண்டுவந்தவரும், அவர்களுக்கு நேரே விளக்கம் சொன்னவரும் அவர்தான். 1883 மே மாதம் பாலம் திறக்கப்படவிருந்தபோது அதன்மேல் முதலில் வண்டியில் கடந்தவர் எமிலி. வெற்றிக்கு அடையாளமாக மடியில் ஒரு சேவலை வைத்திருந்தார்.

மடியில் சேவலோடு வண்டியில் போகும் அந்தப் பெண்ணை ஒரு நிமிடம் மனத்தில் நிறுத்துங்கள். எந்த ஆண்டை இந்தப் படம் தேர்ந்தெடுத்ததோ அதே ஆண்டில், எந்தப் பாலத்தைக் காலத்தின் கதவாக வைத்ததோ அதே பாலத்துக்காக அவர் உழைத்துக்கொண்டிருந்தார். படத்திலோ அவருடைய கணவரையோ மாமனாரையோ எழுப்பி மேடையில் நிறுத்தினார்கள், அவரை மட்டும் விட்டுவிட்டார்கள். அவரைக் காட்டியிருந்தால், கடந்த காலத்தில் சிந்திக்கும் ஆண் ஒருவன் இருந்தான், சிந்திக்கும் பெண் எதிர்காலத்திலிருந்து வந்தாள் என்ற படத்தின் ஏற்பாடே கலைந்திருக்கும்.

ஜூலை 9, இரவு

நண்பர் ஒருவர் உண்மைப் பிழைகளின் பட்டியலோடு வந்திருக்கிறார். ஆபத்தில்லாத லிஃப்டை எலிஷா ஓட்டிஸ் 1850களிலேயே நியூயார்க்கில் காட்டிவிட்டார், 1857இல் பிராட்வே கடை ஒன்றில் ஆட்கள் ஏறும் லிஃப்டே வந்துவிட்டது, 1861இல் அவர் இறந்தும்விட்டார் என்கிறார். சரிதான். படத்தில் லியோபோல்டின் பணியாளுக்கு ஓட்டிஸ் என்று பெயர் வைத்து அதைச் சமாளித்திருக்கிறார்கள். லியோபோல்டுக்குக் கொடுத்த மவுண்ட்பேட்டன் என்ற குடும்பப் பெயர் 1917இல்தான் பிறந்தது என்பதும் உண்மை. படம் அவனுக்குக் கொடுத்த 'ஆல்பனி பிரபு' என்ற பட்டத்தை உண்மையில் தாங்கிய லியோபோல்ட் விக்டோரியா அரசியின் கடைசி மகன். அவருக்கு 1881இல் பட்டம் கிடைத்தது, இரத்தம் உறையாத நோயோடு வாழ்ந்து 1884இல் இறந்தார்.

இவற்றை நான் பொறுத்துக்கொள்வேன். காதல் கதைக்கு ஆண்டுக் கணக்கு முன்பின் ஆகலாம். எமிலியை விட்டதை மட்டும் பொறுக்க முடியவில்லை, அது ஆண்டுக் கணக்கில் வந்த பிழை அன்று.

ஜூலை 12

அங்கே அவளுக்கு என்ன உரிமை இருந்திருக்கும் என்று கடலூர் வாசகி கேட்கிறார். நியாயமான கேள்வி.

நியூயார்க் மாநிலம் 1848இல், மணமான பெண் தான் கொண்டுவந்த சொத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இயற்றியது. 1860இல் அவள் கூலியும் அவளுக்கே என்றது. இங்கிலாந்தில் சம்பாத்தியத்தைப் பற்றிய சட்டம் 1870இலும், முழுச் சொத்துரிமை 1882இலும் வந்தன. கேட் மணப்பது ஆங்கிலப் பிரபுவை. வாக்குரிமையோ நியூயார்க்கில் 1917இல்தான் வந்தது, அதுவரை அவள் வாழ்ந்திருந்தால் எழுபது வயதைத் தாண்டியிருப்பாள். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. ஆன்டனி 1872 தேர்தலில் வாக்களித்ததற்காகக் கைது செய்யப்பட்டு, மறு ஆண்டு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டார், அதைக் கட்ட மறுத்தார். கேட் அந்தக் காலத்துக்குப் போய் இறங்கிய சில வாரங்களில், 1876 ஜூலை 4 அன்று, அமெரிக்க விடுதலையின் நூறாம் ஆண்டு விழா பிலடெல்பியாவில் நடந்தது. மேடையில் பேச இடம் மறுக்கப்பட்ட ஆன்டனியும் தோழியரும் அழைப்பில்லாமலே முன்னேறிச் சென்று பெண்களின் உரிமை அறிக்கையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். 2001இல் வாக்களித்துப் பழகிய கேட் அதைச் செய்தித்தாளில் படித்தபோது என்ன நினைத்திருப்பாள்?

எமிலி ரோப்ளிங்கும் இதே கேள்விக்குத்தான் வந்து சேர்ந்தார். பாலம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, 1899இல், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மகளிர் சட்ட வகுப்பை முடித்தார். மணமான பெண்ணுக்குச் சட்டம் வைத்திருக்கும் குறைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பரிசு பெற்றது. அத்தனை பெரிய பாலத்துக்காக உழைத்த பிறகும், மனைவி என்ற நிலையில் தனக்கு என்ன இல்லை என்பதை உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது.

எனக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. என் பாட்டி பிறந்த வீடு திருப்பாதிரிப்புலியூரில் இருந்தது. 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன்பே அந்த வீட்டை ஆண்கள் கூடிப் பேசி விற்றார்கள். பாட்டியிடம் கையொப்பம் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. விற்ற செய்தியை அவர் தெரிந்துகொண்டது, பொங்கலுக்கு வரிசை கொண்டுவந்தவர் வேறு தெருவின் பெயரைச் சொன்னபோது. கடைசிவரை பாட்டி அந்த வீட்டின் கிணற்றடியைப் பற்றிப் பேசுவார், விற்றதைப் பற்றிப் பேசமாட்டார். தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பரம்பரைச் சொத்தில் பங்கு என்ற திருத்தம் 1989இல் வந்தது. பின்னோக்கிப் போவதை அழகான பயணமாக எவராவது காட்டும்போது, அந்தக் கிணற்றடிப் பேச்சு என் காதில் கேட்கிறது.

ஜூலை 13

"அப்படியானால் உங்களுக்கு லியோபோல்டைப் பிடிக்கவில்லையா?" என்று ஒருவர். மிகவும் பிடிக்கும். அதை மறைத்து எழுதினால் நான் எழுதுவதெல்லாம் பொய்யாகிவிடும்.

உணவு மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்தால் அவனும் எழுந்து நிற்கிறான். தவறாகப் பேசிவிட்டால் உட்கார்ந்து கையால் மன்னிப்புக் கடிதம் எழுதுகிறான், மாடியில் விருந்துக்கு அழைக்கிறான். விளம்பரத்துக்காக வெண்ணெய்ப் போலி ஒன்றைப் புகழ்ந்துவிட்டு, அதைத் தின்று பார்த்ததும் இந்தப் பொய்யை நான் சொல்லமாட்டேன் என்று விலகுகிறான். பெண்கள் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது பட்டுக்கோட்டுக்காக அன்று, ஒருவன் தன் முழுக் கவனத்தையும் எதிரில் இருப்பவளுக்குக் கொடுக்கிறான் என்பதற்காக. இந்தக் கவனம் கிடைக்காத வீடுகள் எத்தனை என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அந்தப் பண்பு அவனுடையது, அவன் நூற்றாண்டினுடையது அன்று. அதே நூற்றாண்டில்தான் அவன் வீட்டுப் பெரியவர் பணத்துக்காக மணப்பெண் தேடினார். நல்ல மனிதன் ஒருவன் எழுந்து நிற்பதும், அவன் நல்லவனாக இல்லாவிட்டாலும் என்னைக் காக்கும் சட்டம் இருப்பதும் ஒன்றல்ல. கேட் முதலாவதைப் பெற்று இரண்டாவதை இழக்கிறாள். அவள் பெற்றதை மட்டும் படம் ஆடவிட்டுக் காட்டியது.

கேட்டின் வேலையைப் படம் எப்படிக் காட்டுகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பொய்யைப் பொருளாக்கி விற்கும் வேலை, கண் வைக்கும் மேலதிகாரி. விட்டுப் போவது எளிதாக இருக்கட்டும் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். அவள் ஒரு மருத்துவராகவோ ஆசிரியையாகவோ இருந்திருந்தால் அந்தப் பாலத்தில் ஏற அவளுக்குக் கால் வந்திருக்குமா?

ஜூலை 17

இன்று ஆடி பிறக்கிறது. எங்கள் தெருவில் காலையிலேயே ஒரு புதுப்பெண்ணை அழைத்துப்போக அவள் அண்ணன் கடலூரிலிருந்து வந்திருந்தார். எவர்சில்வர் தூக்கு, பூப்பை, மடித்த புடவை. அவள் செருப்பை மாட்டும்முன்பே வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டார்.

முதல் கேள்விக்கு எனக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. புகுந்த வீடு என்பது நம் வழக்கத்தில் திரும்பும் வழியோடு சேர்த்தே வைக்கப்பட்டது. ஆடிக்கு அழைக்கிறார்கள், தீபாவளிக்கு அழைக்கிறார்கள், தலைப்பிரசவம் தாய்வீட்டில். பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். அங்கே அடி விழுந்தால் இங்கே ஒரு கதவு இருக்கிறது, அல்லது இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பாவது இருக்கிறது. அந்தக் கதவு மூடிப்போன பெண்களின் நிலை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

கேட்டுக்குத் தாய்வீடு இன்னும் ஏறத்தாழ நூறாண்டு கழித்துத்தான் கட்டப்படும். தலைப்பிரசவம் 1877இல் என்று வைத்துக்கொண்டால், பிரசவக் காய்ச்சலுக்குப் பலன் தரும் மருந்து 1930களில்தான் வரப்போகிறது. அவள் பிள்ளைக்கு மாமன் சார்லி இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே, முதுநகர் வாசகிக்கு: நீங்கள் சொன்ன ஒப்புமையை நான் ஏற்கிறேன். அதை முழுவதுமாகப் பொருத்திப் பார்த்தால் அது உங்கள் பக்கம் பேசவில்லை என்பதுதான் என் பதில்.

ஜூலை 20

நம் ஊரில் இந்தக் கதை நடந்தால் எப்படி இருக்கும் என்று இருவர் ஆர்வமாக எழுதியிருக்கிறார்கள். பழைய இரும்புக் கடற்பாலத்திலிருந்து குதிக்கட்டும் என்கிறார் ஒருவர். நல்ல இடம். 1866இல் திறந்து 1952 புயலில் அழிந்த பாலம் அது, 1876இல் புதுக்கருக்கு முழுதும் போயிருக்காது. ஆனால் அவள் எந்தப் புதுச்சேரியில் கரையேறுவாள் என்று பாருங்கள். விழுப்புரத்திலிருந்து ரயில் 1879இல்தான் வரும். 1876 முடியும்போது சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம் தொடங்கிவிட்டது. பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றும் கப்பல்கள் இதே கடற்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்தன, அவற்றில் பெண்களும் ஏறினார்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே நம்மவர் நகரம்.

படத்தில் காலத்தின் கதவு நேராக நடன மண்டபத்துக்குத் திறக்கிறது. நம்மில் யார் போனாலும் வாய்க்காலுக்கு மேற்கேதான் இறங்குவோம். அத்தை வேலைக்காரர் வீட்டுத் தண்ணீரைக் கேட்டது இதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைய புதுச்சேரியிலும் எழுத்துக்காகப் போராடிய பெண்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கவென்றே 1844இல் இங்கே துறவுப் பெண்களின் சபை ஒன்று தொடங்கப்பட்டுவிட்டது. நம் ஊர்க் கதையை எவராவது எழுதினால் அவர்களை விட்டுவிடாமல் எழுதட்டும்.

ஜூலை 21

படத்தின் நீளமான இயக்குநர் வடிவத்தைப் பார்த்தவர் ஒருவர், ஸ்டூவர்ட் லியோபோல்டின் கொள்ளுப்பேரன் வழியில் வந்தவன் என்ற செய்தி அதில் இருப்பதைச் சுட்டியிருக்கிறார். ஆம். திரையரங்க வடிவத்தில் அதை வெட்டிவிட்டார்கள், ஏனென்றால் அப்படியானால் ஸ்டூவர்ட் காதலித்தது தன் மூதாட்டியை என்று ஆகிவிடும். பார்ப்பவர்களுக்கு அருவருப்பு வரும் என்று அஞ்சியிருக்கலாம். எனக்கோ அந்த வெட்டில் வேறொன்றும் போனதாகப் படுகிறது. கேட் இல்லாவிட்டால் ஸ்டூவர்ட் இல்லை, ஸ்டூவர்ட் இல்லாவிட்டால் காலத்தின் கதவைக் கண்டுபிடிக்க ஆள் இல்லை. அவள் போவதற்கும் உலகத்தின் நடப்புக்கும் தொடர்பு இருந்தது அந்த ஒரு இழையில்தான். தாய் என்ற வகையில் மட்டுமே அவளைக் கணக்கில் எடுத்தார்கள் என்பது குறைதான், ஆனாலும் எடுத்தார்கள்.

முடிவை நான் எப்படி மாற்றுவேன் என்று கேட்டவருக்கு: கேட் போகட்டும், குதிப்பதைத் தடுக்கமாட்டேன். குதிக்கும்முன் தம்பியோடு ஒரு முழுக் காட்சி வேண்டும், எதையெல்லாம் இழக்கிறாள் என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். 1876இல் லியோபோல்டின் பெயர் சொல்லி அவளை மண்டபத்தில் அறிமுகம் செய்வதோடு நிறுத்தாமல், பாலத்தின் கணக்குகளை எழுதும் எமிலியின் மேசைக்கு அவளை அழைத்துப்போவேன். ஆட்களைப் பேசிச் சம்மதிக்கவைக்கும் திறமை கேட்டுக்கு இருக்கிறது, பாலத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டியவர்களைச் சம்மதிக்கவைக்கும் தேவை அந்தக் காலத்தில் இருந்தது. அந்த வேலைக்காக அவள் போயிருந்தால், அவள் போன பிறகு இங்கே ஏதாவது ஒன்று நின்றிருக்கும், அங்கே ஏதாவது ஒன்று எழுந்திருக்கும்.

இன்னும் பார்க்காதவர்கள் கிடைத்தால் நீளமான வடிவத்தையே பாருங்கள். தொடக்க உரையின்போது மேடையில் யார் இருக்கிறார் என்பதைவிட யார் இல்லை என்பதைக் கவனித்துவிட்டு வந்து எழுதுங்கள்.